கண்ணாடிக்கு வெளியே நின்றவர்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ் அவள். பிஞ்சுக் கையிலும் ஒரே முயற்சியில் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால்தான் பேச்சு குழறும். ஆனாலும் மருத்துவமனை நிர்வாகக் குழுவிடம் பேச அவளே நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். பாலூட்டும் தாயைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது, தகப்பன் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும் என்ற விதியை மாற்றச் சொல்வதற்காக.

திரையில் காட்டப்போகும் படங்களோடு வீட்டில் ஒத்திகை நடந்தது. தையல்காரரான கணவர் கழுத்தில் டேப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார்.

"பதினாலு படமா? இதெல்லாம் ஓடி முடியறதுக்குள்ள அந்தக் குழந்தைங்க ஸ்கூலுக்கே போயிடும்மா."

"எல்லாமே முக்கியம்ங்க."

"சரி, ஏன் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறே, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி? என்கிட்ட அந்தக் குழந்தைங்களைப் பத்திச் சொல்லும்போது உன் கை சும்மாவா இருக்கும்? நேத்துகூட டம்ளரைத் தட்டி விட்டியே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாகக் கழித்துக் கழித்து இரண்டே படங்களை மிச்சம் வைத்தார்கள்.

மறுநாள் கூட்ட அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். முதல் படம், வேறு மருத்துவமனைகளில் தகப்பன் நெஞ்சில் படுக்க வைத்த குழந்தைகளின் எடை ஏறியதைக் காட்டும் வரைபடம். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படத்தைப் போட்டாள். ஒரு லாரி டிரைவரின் முதுகு. கண்ணாடியில் அழுத்தி வைத்த அவருடைய கை. அவர் அனுமதியோடு எடுத்தது. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பதினெட்டு நாளா இப்படித்தான் நிக்கறார். அவரோட பொண்ணு..." இரு கைகளையும் சேர்த்துக் குவித்தாள். "இவ்வளவுதான் இருக்கா."

எதிரே இருந்த தலைவர், தன்னை அறியாமலே தன் கைகளையும் அப்படிக் குவித்துப் பார்த்துக்கொண்டார்.

"கிருமி தொற்றினா யார் பொறுப்பு?" என்றார் ஒரு மூத்த டாக்டர்.

"கை கழுவக் கத்துக்குடுத்து, கூடவே நான் நிக்கறேன் டாக்டர்."

அவள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. மூன்று மாதச் சோதனை, பகலில் மட்டும், ஒரு நேரத்தில் ஒருவர். வாசலில் காத்திருந்த கணவரிடம் அதைச் சொல்வதற்குள் அழுதுவிட்டாள். அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, லாரி டிரைவர் முழங்கை வரை மூன்று தடவை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் நெஞ்சின்மேல் மகளைப் படுக்க வைத்தாள் நர்ஸ். மனிதர் சிலையாகிப் போனார். முகம் சிவந்தது.

"சிஸ்டர்," என்று கிசுகிசுத்தார், "நான் மூச்சு விடலாமா?"

"தாராளமா விடுங்க. அதைக் கேட்டுக்கிட்டுத்தான் அவ தூங்கறா."