‘மூன்றாம் மாடி வெயில்’ யாருடைய பெயர்?

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் என் வக்கீலம்மா. இலக்கிய ஆர்வமெல்லாம் இல்லை. “வலைப்பூவுல ஏதாவது போடுங்க சார். பேரு புழக்கத்துல இருக்கணும். இல்லன்னா நீங்களே கைவிட்ட பேருன்னு சொல்லிடுவாங்க.” அதனால் போடுகிறேன்.

வலைப்பூ என் மனைவியுடையது. பெயர் ‘மூன்றாம் மாடி வெயில்’. எங்கள் பால்கனிக்குக் காலையில் மட்டும் வந்துபோகும் வெயிலில் எந்தச் செடி பிழைக்கும், எது பிழைக்காது என்று எழுதினாள். அவள் இறந்த பிறகு, பூந்தொட்டி விற்கும் ஒரு கடை அதே பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. நான் ஆட்சேபித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

2

முதல் வரிக்கு முயன்றவை:

அன்றும் வெயில் பால்கனிக்கு வந்தது, ஆனால் (‘ஆனால்’ என்றதுமே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.)

அவள் நக இடுக்கில் எப்போதும் மண் (உண்மை. அதனாலேயே வேண்டாம்.)

வக்கீல் அலுவலகத்தில் ஏசி அதிகம். (இது இருக்கட்டும்.)

3

வக்கீல் அலுவலகத்தில் ஏசி அதிகம்.

“அவங்க என்ன வித்தாங்க?”

“எதுவும் விக்கல.”

“விளம்பரம்?”

“இல்ல.”

“விதையாவது?”

“கேட்டவங்களுக்குச் சும்மா அனுப்புவா. தபால் செலவும் எங்களோடது.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “தங்கமான மனுஷி. கேஸுக்குத்தான் ஆகாது.”

[* எனக்குப் புரிந்தவரை: பெயரை நம்பி வருபவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சட்டம். விற்காவிட்டாலும், ‘தகவல் சேவை’ என்று வாதாடலாமாம். செடி செத்ததையும் எழுதினாளே, அதுவும் சேவையா என்று கேட்டேன். “அதையெல்லாம் நீங்க வாயத் தொறந்து சொல்லாதீங்க” என்றார்.]

4

மனைவியின் தங்கையை வில்லியாக்கப் பார்த்தேன். வரவில்லை. என் வீட்டுக்கு வந்து, என் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே வில்லத்தனம் செய்ய முடியாது.

“சும்மா பூட்டிக் கிடக்கறதுக்கு அந்தக் கடைக்காரங்களே வச்சுக்கட்டுமே மாமா. அக்கா பேரு நாலு வீட்டுத் தொட்டியில இருக்கும்.”

“அது அக்கா பேரு இல்ல. அக்கா வச்ச பேரு.”

“ரொம்பத்தான். அப்ப நீங்க எழுதுங்க. பால்கனியில மிச்சம் இருக்கே ஒரு செடி, அது என்ன செடி? சொல்லுங்க பாப்போம்.”

தெரியாது.

“செடி பேரே தெரியாது. இவரு பேருக்குக் கேஸ் போடறாராம்.”

(இங்கே ‘அவள் அழுதாள்’ என்று எழுதி அடித்தேன். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

5

வலைப்பூவைத் திறந்தேன். பின்னூட்டங்களை அவள் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும், அப்படித்தான் அமைத்திருந்தாள். உள்ளே ஒரு கூட்டமே காத்திருந்தது. எல்லாம் கேள்விகள். ஒருவருக்கும் அவள் இல்லை என்று தெரியாது.

வக்கீலம்மாவிடம் ஓடினேன். “பேர நம்பி இன்னும் வர்றாங்க!”

“நல்லது சார். ஆனா கதவு சாத்தியிருக்கே. திறக்க வேண்டியது நீங்கதான்.”

இங்கேதான் குழம்புகிறேன். நான் எழுதினால் அது அவளுடைய வலைப்பூ இல்லை. எழுதாவிட்டால் அது கடைக்காரருடைய பெயர். நான் காப்பாற்றப் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ

6

முடிவு ஒன்று: ஜெயிக்கிறேன். பிறகு பெயரைப் புழக்கத்தில் வைக்க, தெரியாத செடிகளைப் பற்றி ஆயுசு முழுக்க எழுதுகிறேன்.

முடிவு இரண்டு: தோற்கிறேன். மச்சினி ஒரு தொட்டி வாங்கி வருகிறாள், பக்கவாட்டில் அந்தப் பெயரோடு. அதில் என்ன நடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

முடிவு மூன்று:

மூன்றாவது என்னிடம் இல்லை. வரிசையில் முதலாவதாக நின்ற கேள்வியை மட்டும் இப்போது அனுமதித்திருக்கிறேன். இந்தக் கதைக்குக் கீழே பாருங்கள்: “புது இலையும் மஞ்சளாவே வருது மேடம். தண்ணிய குறைக்கவா, கூட்டவா?”

அவள் இல்லை என்பதை மேலே கதையிலேயே அவருக்குச் சொல்லியாயிற்று. பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள், அனுமதிக்கிறேன். இது சட்டப்படி புழக்கமா என்று வக்கீலம்மாவுக்கே நிச்சயமில்லை.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். இங்கேயும் இலை மஞ்சளாகத்தான் இருக்கிறது.