கழுவிய பிறகு தெரிந்தது

மண்டையோட்டைக் கையில் வாங்கி, மஞ்சளும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரில் முக்கி, பல் வரிசையில் அடைந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தபோதுதான் ருமொண்டாங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசையில் ஒரு பல் குறையவில்லை. அவள் புருஷன் மரோஜஹானுக்கோ முன்பல் இரண்டும் கிடையாது. கல்யாணமான மறுவருஷமே எருமை முட்டிப் போனது. அந்தப் பொக்கைச் சிரிப்போடுதான் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினாள், அவளுக்குத் தெரியாதா?

சுற்றிலும் கொண்டாட்டம். பதினெட்டு வருஷத்துக்கு முன் புதைத்தவரின் எலும்பை எடுத்துக் கழுவிப் புதுக் கல்லறையில் வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் படகில் வந்து இறங்கியிருந்தார்கள். மேட்டில் புதுச் சிமெண்டுக் கல்லறை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. கீழே மூன்று பன்றிகள் கொப்பரையில் வெந்துகொண்டிருந்தன. மேளக்காரர்கள் ஒரு சுற்று வாசித்துவிட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மறுபடி துடைத்துப் பார்த்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே அரிசி நுழைகிற சந்து. ஐயோ, இந்தச் சந்தை ஊரே அறியும். அது வழியாகச் சீட்டியடித்தே எருமை மேய்த்தவன் ஜவுலாஹான்.

கொழுந்தன் ஹுமாலாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான். முகம் வெளிறியது. புதைத்த வருஷத்து மழையில் மண் சரிந்து சிலுவைகள் அடித்துக்கொண்டு போனபோது, ஞாபகத்தில் மறுபடி நட்டவன் அவன்தான்.

"மெதுவா அண்ணி, மெதுவா. காதுல விழுந்துடப் போகுது. மாறிடுச்சு போல."

"மாறிடுச்சு போலவா? உங்கண்ணன் அங்க கிடக்காரு, இவரைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்!"

"எலும்புதானே அண்ணி. யாரு யாருன்னு கர்த்தருக்குத் தெரியாதா? கடைசி நாள்ல அவர் பிரிச்சு எடுத்துக்குவாரு. இப்ப வாயத் தொறந்தா தலைமுறைக்கும் நம்மள வச்சுச் சிரிப்பானுங்க."

அவன் சொன்னதில் தப்பிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. சரியாகவும் தோன்றவில்லை. சபை மூப்பராக இருபது வருஷமாக ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக் கொடுக்கிறவள் அவள். பிள்ளைகளைச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் வகுப்பில் அவர்கள், "கடைசி நாள்ல எந்த உடம்பு டீச்சர் எழும்பும்? செத்தப்ப இருந்த உடம்பா, பல்லு விழுறதுக்கு முந்தின உடம்பா?" என்று கேட்டால், "முதல்ல மனப்பாடம் பண்ணு, அப்புறம் கேள்வி கேளு" என்று அடக்கியவள். அப்புறம் எப்போது என்று அவளும் யோசித்ததில்லை.

ஜவுலாஹான், மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று மலைமேல் மந்திரக்காரனிடம் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளையும் பிழைக்கவில்லை. சபை அவனை நீக்கியது. அந்தக் காகிதத்தைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசித்தவள் இவள்தான். புது மூப்பர், குரல் நன்றாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். அதே வருஷம் அவன் செத்தபோது மணியடிக்கவில்லை, போதகர் வரவில்லை, சபைக் கல்லறையில் இடமில்லை என்றார்கள். "என் நிலத்துல போடுங்கடா" என்று மரோஜஹான்தான் குழி வெட்டினான். அதற்காக அவள் அவனோடு மூன்று வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவனும் மாரடைத்துப் போய்விட்டான். பக்கத்துக் குழி.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார் போதகர். நகரத்திலிருந்து போன வருஷம் வந்த இளைஞர், பழங்கதை ஒன்றும் தெரியாது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஹுமாலா அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான்.

அவள் மண்டையோட்டை உலோஸ் என்கிற சடங்குத் துணியில் ஏந்திக்கொண்டு பிரமாணத்தை ஆரம்பித்தாள். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது, கூட்டம் பின்தொடர்ந்தது. மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு, பாதாளத்தில் இறங்கினார். கர்த்தர் அங்கே எதற்குப் போனார்? யாரைத் தேடி? இத்தனை வருஷம் சொன்ன வாய்க்கு இன்றைக்கு ஏன் இந்தச் சந்தேகம்? தோண்டிய குழி காலடியில் இருந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

"பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும், பாவமன்னிப்பும்..."

அதற்குமேல் வரவில்லை. அவள் நிறுத்தியதும் மொத்தக் கூட்டமும் நின்றது. அழுகிறாள் என்று நினைத்து யாரோ கைக்குட்டை நீட்டினார்கள்.

"இது என் வீட்டுக்காரர் இல்ல," என்றாள். "ஜவுலாஹான்."

கூட்டத்தில் சலசலப்பு. "அடப்பாவி, சபைய விட்டு நீக்கினவனையா குளிப்பாட்டினீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். ஹுமாலா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

போதகர் தடுமாறினார். "அப்படின்னா... இதைத் திரும்ப உள்ள வச்சுட்டு..."

"குளிப்பாட்டியாச்சே ஐயா."

"நீக்கினவர்னு சொல்றாங்களேம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கே."

"நான்தான் ஐயா வாசிச்சேன். ஒரு எழுத்து விடாம வாசிச்சேன். அது சரியா தப்பா, எனக்கு இன்னைக்கும் தெரியல. அவரைத் திரும்ப உள்ள போட மட்டும் இந்தக் கையால முடியாது." அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ஹுமாலா, எந்திரி. பக்கத்துக் குழிய வெட்டு."

"அப்புறம் இவரை எங்க வைக்கிறது அண்ணி?"

"வெட்டுன்னா வெட்டு."

அவன் எழுந்தான். மண்வெட்டி நனைந்த மண்ணில் இறங்கியது. கூட்டம் கலையவுமில்லை, உட்காரவுமில்லை. பிரமாணம் பாதியில் நிற்கிறதே என்று ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி, "சரீரம் உயிர்த்தெழுதலும்..." என்று எடுத்தாள். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அவளும் நிறுத்திவிட்டாள்.

ருமொண்டாங் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழிக்குள்ளிருந்து, "அண்ணி, தட்டுப்படுது" என்று ஹுமாலாவின் குரல் வந்தது. மடியிலிருந்ததை இடப்பக்கம் மெல்ல நகர்த்தி, வலப்பக்கம் உலோஸை இழுத்து விரித்து அவள் இடம் பண்ணினாள்.