மல்லாந்த கரப்பான்

உடுப்பின் லட்சணம் கட்டிலுக்கு அடியில்தான் தெரியும் என்பது அக்காவின் கட்சி. அதனால் காலை ஏழு மணிக்கே மூன்று பேரும் புது யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நுழைந்து நான்கு நாற்காலிகளின் கால்களையும் சுற்றி வந்தாள். அவர்களோடு வேலை பார்க்கும் நெட்டை கட்டிலுக்கு அடியில் இடுப்புவரை போய், கையை நீட்டிச் சுவர் மூலையைத் தொட்டுக் காட்டினான். துணி முதுகில் சுருண்டு ஏறவில்லை, அக்குளில் பிடிக்கவில்லை. மருந்து தோலில் படக்கூடாதென்று முழுக்கை வைத்துத் தைத்த காலர் டீ-ஷர்ட்டுகள். நெட்டைக்கு மட்டும் அந்த முழுக்கை மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

“பெரியக்கா, பூச்சி மருந்து அடிக்க வந்தவன் மாதிரி இல்ல. தம்பி சட்டையைத் திருடிப் போட்டவன் மாதிரி இருக்கேன்.”

“உனக்குத் தனியா கை நீளம் கூட்டச் சொல்றேன். திரும்பு.”

அவன் திரும்பினான். சிலேட்டு நிறத் துணியில், முதுகு நிறைய, வெள்ளைக் கோட்டில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது. ஆறு கால்களும் வானத்தைப் பார்த்தபடி. மீசை இரண்டும் தரையில் துவண்டு. கீழே ‘நிம்மதி பூச்சி ஒழிப்பு’ என்று பெயர். அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். முன்னங்கால்களைவிடப் பின்னங்கால்கள் நீளம். முள் முள்ளாக ரோமம். எந்தத் தப்பும் இல்லை.

பள்ளிக்கூட நாளில் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் கரப்பான் வரைய அவளை விட்டால் ஆளில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் வரைந்து கொடுத்தாள். டீச்சர் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதியதெல்லாம் அடுத்தவர் பெயர்களுக்குக் கீழேதான். ஊருக்கெல்லாம் வரைந்து முடித்து, தன் நோட்டுக்கு நேரமில்லாமல் கடைசி நிமிஷத்தில் கிறுக்கி, ‘கால்கள் சரியில்லை’ என்று வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் வரையவில்லை. போன வாரம்தான், யூனிஃபார்முக்கு ஒரு படம் வேண்டும் என்று அச்சடிக்கும் கடைக்காரர் கேட்டபோது, அவர் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து ஒரே மூச்சில் வரைந்துவிட்டாள். பேனாவைத் திருப்பி வைக்காமல் அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைத் தங்கச்சி மட்டும் பார்த்தாள். எதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவள் இல்லை அவள்; இன்றைக்கும் நெட்டையின் முதுகைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

“பேரு போதும்க்கா. எதுக்கு இத்தாம்பெரிய பூச்சி? கதவைத் திறக்கறவங்க அலறப்போறாங்க.”

“செத்த பூச்சிடி. அது செத்துக் கிடக்கறதைப் பாத்தா சந்தோஷம்தானே வரும்?”

“செத்ததுன்னு உனக்குத் தெரியும். தூரத்துலேர்ந்து பாத்தா டான்ஸ் ஆடுற மாதிரி இருக்கு.”

“உனக்குப் பொறாமை.”

“ஆமா, ரொம்ப. அது என் முதுகுலயும்தானே ஊரப் போவுது.”

இந்த மூன்றும் மாதிரிக்குத் தைத்தவை. படம் உண்டா இல்லையா என்று மத்தியானத்துக்குள் சொன்னால் மீதியை அச்சுக்குப் போட்டுவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்றைக்கு ஒரு வீட்டு வேலை. போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று அக்காவும் தங்கச்சியும் ராசியானார்கள்.

ஐந்து மாடிக் குடியிருப்பு அது. யூனிஃபார்ம் இல்லாத ஆளை உள்ளே விடுவதில்லை என்று ஒரே பிடிவாதம். இதே வாசலில் இரண்டு தடவை, மருந்து டப்பாவும் கையுமாக, திருவிழாவில் தொலைந்தவர்கள் போல அவர்கள் நின்றிருக்கிறார்கள். இன்று வாட்ச்மேன் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், சிரித்தபடி கம்பிக் கதவை அகலத் திறந்தார். அக்கா தங்கச்சியின் விலாவில் இடித்தாள்.

மூன்றாம் மாடியில் அழைப்பு மணியை அடித்துவிட்டு நெட்டை கீழே வைத்த டப்பாவை எடுக்கத் திரும்பிக் குனிந்தான். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாவுக்கு முதலில் கண்ணில் பட்டது அவன் முதுகு. காலரைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடவேண்டியிருந்தது.

“என்னங்க இது! முதுகுல போஸ்டர் ஒட்டிக்கிட்டா வருவீங்க? பைப் ரிப்பேருக்கு ஆள் வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இந்த பில்டிங்குலயே என் வீடு ஒண்ணுலதான் இந்தச் சனியன் இருக்கு. தெரிஞ்சா நாலு பேர் முகத்துல முழிக்க முடியுமா?”

“யாரும் பாக்கலைங்க,” என்றாள் அக்கா, வாட்ச்மேனைக் கணக்கில் சேர்க்காமல்.

“போறப்போ பாப்பாங்களே! திருப்பிப் போட்டுட்டுப் போங்க.”

சமையலறை அலமாரிக் கீல்களில் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே அக்கா யோசித்தாள். அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. யாருக்குத்தான் ஊரறியக் கரப்பான் வைத்தியம் செய்துகொள்ள ஆசை? ஆயிரம் வீடு ஏறி இறங்கியவளுக்கு இது தோன்றாமல் போனதே. படத்தின் மேல் இருந்த மயக்கம், வேறென்ன. வேலை முடிந்ததும் குளியலறைக்குள் ஒவ்வொருவராகப் போய் உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிக்கொண்டு வந்தார்கள். தையல் நூல்கள் பிசிறு பிசிறாகத் தொங்கின. படம் இப்போது அக்காவின் முதுகை ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கிடந்தது. அந்த அம்மா தெருவைக் கடப்பவள்போல இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களை வெளியே அனுப்பினாள்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே அக்கா கடைக்காரருக்கு போன் போட்டாள். பின்னால் வந்த தங்கச்சியின் முகம் ஜெயித்தவள் முகமாக இல்லை.

“அண்ணே, அந்தப் படம்…”

“நல்லா வந்திருக்குல்லம்மா? கடைக்கு வர்ற ஆளெல்லாம் யார் வரைஞ்சதுன்னு கேக்கறாங்க.”

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். அதற்குள் இரண்டாம் மாடியில் ஒரு கதவு ஒரு சாண் திறந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தலையை மட்டும் நீட்டினார்.

“ஸ்ஸ்! நீங்கதானே அந்தக் கரப்பான்காரங்க? நீங்க கேட்டுக்குள்ள வர்றப்போ பால்கனியிலேர்ந்து முதுகைப் பாத்தேன். யார் வீட்டுக்கு வந்தீங்க?”

“பில்டிங்கைச் சும்மா பாத்துட்டுப் போக வந்தோம் சார்,” என்றான் நெட்டை, கோயில் சிலை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. ஒரு நாள் ரகசியமா வாங்க. மூணாம் மாடி அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. அவங்க வீடு கண்ணாடி மாதிரி இருக்கும்.”

தங்கச்சி கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின. பெரியவர் நம்பரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்றது போன். “படம் உண்டா, இல்லையா?”

அக்கா தங்கச்சியைப் பார்த்தாள்.

“என்னை ஏன் பாக்கற?” என்றாள் தங்கச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வரைஞ்சவ நீ. சொல்லு.”

“திருப்பிப் போட்டா கழுத்துல குத்துதுக்கா,” என்று நெட்டை முனகினான். யாரும் பதில் சொல்வதற்குள் பனியனுக்கு மேலிருந்த டீ-ஷர்ட்டைத் தூக்கிக் கழற்றப் போய், தலை உள்ளேயே மாட்டிக்கொண்டது; புரண்ட துணியில் கரப்பான் மறுபடி வெளியே வந்துவிட்டது. முகமில்லாத அந்த நெடிய உருவத்தின் உச்சியில் இரண்டு நீளக் கைகள் காற்றில் துழாவின.

மேலே எங்கோ தாழ்ப்பாள் விலகும் சத்தம். மூன்று பேரில் பார்க்க முடிந்த இருவரும் அண்ணாந்தார்கள். நாலாம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு வளையல் கை மட்டும் நீண்டு, சத்தமில்லாமல், வா வா என்று விரலை அசைத்துக்கொண்டிருந்தது.