குழாய் நுனியில் வளையம்

குச்சியில் காளான்போல் முளைத்திருந்த பங்கசுக் கிண்ணம் கடுகளவுதான். பத்மாதேவி அதைப் புது பிளேட்டால் நெடுக்காகச் சீவினாள். ஒரு சீவலைக் கண்ணாடித் தட்டில் நீர்த்துளிக்குள் வைத்து, மெல்லிய தகட்டால் மூடி, பென்சில் முனையால் தட்டினாள். நுணுக்குக்காட்டியில் குழாய்கள் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு வித்திகள். ஒவ்வொரு வித்தியின் இரு முனையிலும் ஓர் எண்ணெய்த் துளி. அதே பங்கசுதான்.

ஐந்து வருடங்களுக்கு முன் அம்பிட்டியவில் இதைக் கண்டெடுத்து, மருந்து விட்டால் குழாய் நுனியில் நீல வளையம் என்று எழுதி, வரைந்தும் வைத்திருந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவளுடைய வாடகை அறை எரிந்தது. குறிப்புகளும் படங்களும் போயின. ஆய்வுகூட அலுமாரியில் மிஞ்சிய ஒரே காய்ந்த கிண்ணத்துக்குப் பேராசிரியர் யோகேந்திரன் மெல்சர் விட்டுப் பார்த்தார். நூல்கள் சொல்லும் சோதனை மருந்து அது. வளையம் வரவில்லை. கண்டிப் பகுதிக் கிண்ணப் பங்கசுகளின் பட்டியலில் அவளுடைய பதிவுக்கு நேரே எழுதினார்: அவதானிப்பு தவறு. அதன் பிறகு அவள் பார்த்த எதையும் இன்னொருவர் மறுபடி பார்த்தார்.

பட்டியல் இன்று பன்னிரண்டு மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது. நான்கு மழைக்காலங்கள் தேடி, நேற்றுத்தான் இந்தக் குச்சி கிடைத்தது. காலையில் சோதனைச் சாவடியில் சிப்பாய் டப்பாவைத் திறந்தான். உள்ளே இருந்த உக்கிய குச்சியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூடிக் கொடுத்தான்.

மெல்சர் விட்டாள். எல்லாம் பழுப்பானது. நுனியில் ஒன்றுமில்லை. இன்னொரு சீவல். ஒன்றுமில்லை.

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். இருந்ததைப் பார்க்காமல் வேண்டியதைப் பார்த்திருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள்.

கைரியா போத்தல்கள் கழுவிக்கொண்டிருந்தாள். அக்குறணையிலிருந்து வரும் ஆய்வுகூட உதவியாளர்.

"மிஸ், நீங்க மொதல்ல இதக் கண்ட அண்டைக்கி ஊத்தினது இது இல்லயே. மெல்சர் முடிஞ்சி போய் ஈந்திச்சி. பிள்ளையள்ட அயடீனத் தானே கேட்டீங்க."

"எந்த அயடீன்?"

"கெழங்குக்கு ஊத்துறது. மாப்பொருள் ஈக்கான்னு பாக்க."

பத்மாதேவி எழுந்தாள். முதலாம் வருட மேசையிலிருந்து போத்தலை எடுத்து வந்தாள். அதில் லேபிள்கூட இல்லை. புதுச் சீவலின் தகட்டோரம் ஒரு துளி விட்டாள். பழுப்பு மெல்ல உள்ளே ஊர்ந்தது.

பார்த்தாள். கண்ணை விலக்கி, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"கைரியா, சேரைக் கூப்பிடும்."

யோகேந்திரன் கையில் பட்டியலோடு வந்தார்.

"என்ன விட்டனீர்?"

"அயடீனும் தண்ணியும், சேர்."

"உது கிழங்குக்கு விடுறதெல்லே?"

"ஓம். கிழங்குக்கு விடுறதுதான். பாருங்கோ."

குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நீலம் எண்டெல்லோ எழுதினனீர். இது சிவப்பு."

"மருந்து கூடின இடத்திலை சிவப்பு. தட்டை இடப்பக்கம் தள்ளுங்கோ. மருந்து குறைஞ்ச இடத்திலை நீலம்."

தள்ளினார். அவருடைய உதடுகள் அசைந்தன. நீல வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மெல்சரிலையும் காட்டும்."

பக்கத்தில் இருந்த தட்டை வைத்தாள். பார்த்தார். முதல் தட்டைக் கேட்டார். மறுபடி இரண்டாவதை. நாலு முறை மாற்றினார்.

"மெல்சர் வளையத்தை மறைக்குது," என்றார். பிறகு, "நாங்கள் அதை எல்லாத்துக்கும் விட்டம்."

"ஓம் சேர்."

"ஆர் கலந்தது இந்த அயடீன்?"

"நான் தான் சேர்," என்றாள் கைரியா. "கொறை ஏதும் ஈக்கா?"

"எவ்வளவுக்கு எவ்வளவு எண்டு சொல்லும். எழுதவேணும்."

அவள் சொல்லச் சொல்லப் பட்டியலின் ஓரத்தில் எழுதினார். தன் பழைய வரியை நேர்கோடாக ஒருமுறை வெட்டினார். மேலே எழுதினார்: நீல வளையம், அடர்ந்த அயடீனில் சிவப்பு. கண்டவர் பத்மாதேவி. பேனையை மூடப்போனவர், திறந்து, ஆண்டையும் சேர்த்தார்: 1982.

"அலுமாரியிலை இருக்கிறதெல்லாத்தையும் திரும்பப் பாக்கவேணும், பத்மா," என்றார். "நான் பாத்ததுகளையும்."

பத்மாதேவி டப்பாவின் மூடியை எடுத்து, குச்சியை யன்னலோரம் வைத்தாள். மழை விட்டிருந்தது. உலர்ந்த காற்றுப் பட்டதும் மிச்சமிருந்த கிண்ணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வித்திகளை எறிந்தன. வெயில் விழுந்த இடத்தில் மட்டும் அந்த வெள்ளைப் புகை தெரிந்தது. சத்தமில்லாமல் எழும்பி யன்னலுக்கு வெளியே போனது.