ஒரு படி தவிடு

செல்லம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று காஞ்சிபுரத்து டாக்டர் சொன்னபோது, அவள் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தினி நாளு தாங்கும்?" என்று மட்டும் கேட்டாள். தை மாதம் வரைக்கும் என்று அவர் இழுத்தார். பிள்ளைப்பாக்கம் திரும்பியதும் முதல் வேலையாக, வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மரகதத்துக்குச் சொல்லியனுப்பினாள். புதன்கிழமை வரவேண்டும், வரும்போது ஒரு படி தவிடு கொண்டுவர வேண்டும்.

அந்தத் தவிட்டுக்கு ஒரு கதை உண்டு. மரகதத்தின் முதல் இரண்டு பிள்ளைகளும் தீட்டுக் கழியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. மூன்றாவது, பெண். ஊருக்குக் கரண்ட் வந்த வருஷம் பிறந்தது. வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடட்டும் என, அதை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். செல்லம்மாள் மகளுக்கு ஒரு படி தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கிக்கொண்டாள். குப்பு என்று பேர் வைத்தாள். அன்றிலிருந்து வாங்கியவள்தான் அம்மா, பெற்றவள் வெறும் அக்கா. வாய் தவறிக் குழந்தை 'அம்மா' என்றாலும் பெற்றவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. மரகதமும் ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாமல்தான் இருந்தாள், பாவம்.

செல்லம்மாளுக்கோ வாழ்வு வந்துவிட்டது. ஐம்பது வயசுக்கு மேல் இடுப்பில் ஒரு பிள்ளை என்றால் சும்மாவா? கடலைக்காய் பிடுங்கப் போனாலும் குப்பு கூடவே போவாள். செல்லம்மாளின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

"என்னை இன்னா குடுத்து வாங்கின?"

"ஒரு படி தவுடு."

"ரெண்டு படி குடுத்திருக்கலாம் இல்ல?"

"நீ கத்தின கத்துக்கு ஒரு படியே தண்டம்டி."

தினமும் இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் அலுக்கவேயில்லை.

இப்போது செல்லம்மாளை ஒரே பயம் அரித்தது. வாங்கியவள் செத்தால், வாங்கிய பிள்ளையையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுவாளாம். யார் சொன்னது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தெரியாவிட்டால் என்ன, பயம் பயம்தானே. மூச்சு இருக்கும்போதே திருப்பி விற்றுவிட வேண்டும்.

புதன்கிழமை மரகதம் துணிப்பையோடு வந்தாள். தாய் இளைத்துக் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அழுதாள்.

"அழுவாத. அப்புறம் எனக்கு மனசு மாறிடும்" என்றாள் செல்லம்மாள்.

மூன்று பேரும் அதே குப்பைமேட்டுக்குப் போனார்கள். பக்கத்தில்தான் பஸ் நிற்கும். விஷயம் தெரிந்த குப்பு பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு படிதான் கீது. எங்கம்மா ஒரு படிக்கெல்லாம் என்னைக் குடுக்காது. நீ போ அக்கா."

வயிற்றுவலி அந்த நேரம் எங்கே போனதோ, செல்லம்மாளுக்கு நெஞ்சுதான் வலித்தது. முந்தானையை விரித்து ஏந்தினாள். மரகதம் தவிட்டைக் கொட்டினாள்.

"இது என் பொண்ணு இல்ல. உன் பொண்ணு. இட்டுகினு போ."

மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாவது தரம் உதடுதான் அசைந்தது. குப்பு முந்தானை நுனியைப் பிடிக்க வந்தாள். அது தவிட்டுக்குள் போயிருந்தது.

பஸ் வந்தது. மரகதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். செல்லம்மாள் முதுகைக் காட்டி நடந்தாள்.

"அம்மா!"

அவள் திரும்பவில்லை. இனி திரும்பக் கூடாது.

"அம்மா, நான் ரெண்டு படி தவுடு கொண்டாறேன், என்னை வாங்கிக்கமா!"

அதற்கும் திரும்பவில்லை. கால் மட்டும் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள் மரகதம் விசும்பிக்கொண்டே, "இனிமே அது அம்மா இல்லடி கண்ணு, ஆயா" என்று சொல்வது கேட்டது. பிறகு, பழக்கமில்லாத வார்த்தையை எடுப்பதுபோல் மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ஆயா."

பாட்டி என்று அந்தப் பேரில் இதுவரை யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அதற்குத் திரும்பலாம், தடையில்லை. ஆயாவாகத் திரும்பினால் விற்றது விற்றதுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் திரும்பினாள்.

"இன்னாடி கண்ணு?"

பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியே சின்னக் கை ஒன்று ஆடியது. பதிலுக்கு ஆட்டலாமென்றால் செல்லம்மாளின் இரண்டு கையிலும் முந்தானைத் தவிடு. கீழே கொட்டினால் விற்றது செல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள். தவிட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பஸ் ஒரகடம் சாலையில் மறையும்வரை அங்கேயே நின்று அழுதாள்.