‘ஏத்து’ என்றது யார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவனைச் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது மாடியில் நின்று அவன் தும்மினால் தரைத்தளத்தில் இருப்பவன் அண்ணாந்து பார்ப்பான், அப்படி ஒரு தொண்டை. நாற்பத்தைந்து வயது, குழுவுக்குத் தலைவன். வேலையில் கெட்டிக்காரன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அதைவிடக் கெட்டிக்காரன் அடுத்தவர் மாதிரி பேசிக் காட்டுவதில். மேனேஜரையும் விடமாட்டான், சொந்த மாமனாரையும் விடமாட்டான்.

ஆனால் அவன் அதிகமாகப் பேசிக் காட்டியது வயர்மேனைத்தான். வயர்மேனுக்கு முப்பத்துநான்கு வயது, மெல்லிய குரல். ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவன் குடியிருப்பது இன்னொரு ஆணோடு, அதுவும் நண்பனாக இல்லை, துணையாக என்பது குழுவுக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து சைரனுக்குக் கொண்டாட்டம். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குரலை இழுத்துக் குழைத்து, வாக்கியத்தின் கடைசியை ஊஞ்சல் மாதிரி மேலே தூக்கிவிடுவான். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பட்டப்பெயரும் வைத்தான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆறு வருடம் அது ஊர்வலம் போனது போதும்.

ஏன் செய்தான் என்று கேட்டால், தோண்டி எடுக்கப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சிரித்தார்கள், செய்தான். சிரிப்பு குறைந்தால் கொஞ்சம் உப்பு கூட்டினான். வயர்மேன் கோபப்பட்டதும் இல்லை, புகார் கொடுத்ததும் இல்லை. வரவர அவன் பேச்சே குறைந்துவிட்டது. ‘கல்லுளிமங்கன்’ என்று அதற்கும் ஒரு கிண்டல்.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. மோட்டார் அறை கட்டடத்தின் உச்சியில் இருக்கும். அங்கே இருப்பவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. இரும்புக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாக வரும் குரல் மட்டும்தான் அவனுக்குக் கண். அதனால் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பவன் யாரோ, அவன் குரலுக்கு மட்டுமே பெட்டி அசைய வேண்டும். ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும் நிறுத்தலாம். ‘ஏத்து’ என்பதை முதலாளியே வந்து சொன்னாலும் கேட்கக் கூடாது. கூரைமேல் இருப்பவனே சொன்னாலும் ஒருமுறை கேட்டால் போதாது, “ஏத்தவா?” என்று திருப்பிக் கேட்டு, இரண்டாம் முறை அதே குரல் வந்த பிறகுதான் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். மோட்டார் அறையில் வேலை பார்த்த நெட்டைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே சைரன்தான். நெட்டை வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது.

அன்று ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. வழக்கமாகக் கூரைமேல் ஏறிக் குரல் கொடுப்பவன் சைரன்தான்; அந்த முறை வயர்மேன் பெட்டியின் கூரைமேல் நின்று, சுவரோரத்தில் ஒரு சுவிட்சுக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் வலது கை, கூரையின் கைப்பிடிக் கம்பிக்குச் சற்று மேலே, சுவரில் இருந்த இரும்புச் சட்டத்துக்குள் நுழைந்திருந்தது. சைரன் ஐந்தாவது மாடியில், திறந்து கிடந்த லிஃப்ட் வாசலில் நின்றான். சுவருக்குச் சாயம் பூச வந்த இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புது ஆட்கள், புதுக் காதுகள். சைரனால் சும்மா இருக்க முடியுமா?

“உள்ள ஒருத்தன் நிக்கறானே, அவன் பேசி கேட்டிருக்கீங்களா?” என்றான். கை இடுப்புக்குப் போனது. “ஏத்துப்பா... மெதுவா ஏத்துப்பா...”

பூச்சுக்காரர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில், மேலேயிருந்து “ஏத்தவா?” என்று நெட்டை கேட்டது யார் காதிலும் விழவில்லை. “அண்ணே, இன்னொரு தடவ!” என்றான் ஒருவன். சைரன் இன்னொரு தடவையும் செய்தான், முதல் தடவையைவிட நன்றாக.

காலிப் பெட்டிக்கு எடை குறைவு. பிரேக்கைத் தளர்த்தினால் மறுபக்கத்து எடைக்கட்டு அதைத் தானாகவே மேலே இழுத்துவிடும். நெட்டை தளர்த்தினான்; பெட்டி ஒரு சாண்தான் ஏறியது. சைரன் தன் சொந்தக் குரலில் “நிறுத்து!” என்று அலறியதில் கட்டடமே அதிர்ந்தது. பெட்டி நின்றது. அதற்குள் வயர்மேனின் மணிக்கட்டு சட்டத்துக்கும் கூரைக் கம்பிக்கும் நடுவே மாட்டி நொறுங்கிவிட்டது.

அன்று முழுக்க எல்லாரும் சைரனைத்தான் பாராட்டினார்கள். “நீங்க மட்டும் கத்தலேன்னா கையே போயிருக்கும்ணே.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள்.

மறுநாள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, எதையும் எழுதிக்கொண்டே கேட்பவர். வயர்மேனுடைய குரல் இரண்டு முறை கேட்டது என்று நெட்டை சத்தியம் செய்தான். ஆஸ்பத்திரியில் வயர்மேன், “நான் சொல்லல” என்று மட்டும் சொன்னான். வேறு யார் சொன்னது என்று கேட்டதற்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பூச்சுக்காரர்கள் வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். சைரன், “நான் சரியா கவனிக்கல மேடம்” என்றான். ஆக, கையை உள்ளே வைத்துக்கொண்டே ‘ஏத்து’ என்றது வயர்மேனுடைய சொந்தத் தவறு என்று முடிவானது. வெள்ளிக்கிழமை கையெழுத்தானால் அவனுடைய அனுமதி அட்டை ரத்தாகும். அது இல்லாமல் எந்த லிஃப்ட் கம்பெனியும் அவனை வாசலில்கூட நிற்க விடாது.

வியாழக்கிழமை மத்தியானம் சைரன் ஆஸ்பத்திரிக்குப் போனான். பரிதாபப்பட்டுப் போகவில்லை. பயம். கூரைமேல் நின்றவன் நாலடி தூரத்தில் இருந்தான், எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை, எப்போது திறப்பான் என்று தெரியாமல் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

வயர்மேன் தூங்கிக்கொண்டிருந்தான். வராந்தா பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒருவர், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

“கம்பெனியிலேர்ந்து வரீங்களா? உக்காருங்க சார். விசாரிக்க வந்த மேடத்த விட்டா, அவன பாக்க வந்த முதல் ஆளே நீங்கதான்” என்று இடம் விட்டார்.

“நீங்க அவருக்கு...?”

அவர் ஒரு நொடி யோசித்தார். “மருந்துக்கடை வெச்சிருக்கேன். அவன்கூட இருக்கறேன், பதினோரு வருஷமா.” சொல்லிவிட்டு, அடி வருகிறதா என்று பார்ப்பவர் மாதிரி சைரனின் முகத்தைப் பார்த்தார். அடி வரவில்லை என்றதும் அவருக்குச் சைரனைப் பிடித்துப்போனது. பாவம், அவருக்கு ஆள் தெரியவில்லை.

“அவன் ‘ஏத்து’ன்னு சொல்லல சார். அவன மாதிரியே பேசி நக்கல் பண்ற ஆள் ஒருத்தன் அங்க இருக்கானாம். அவன் குரல்தானாம் அது.”

சைரன் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். “யாருன்னு சொன்னாரா?”

“சொல்ல மாட்டேங்கறான். நானும் தலபாடா அடிச்சிக்கறேன். ‘பேர சொன்னா, என்ன குரல், எதுக்கு அப்படி பேசினான்னு கேப்பாங்க. அத்தன பேர் முன்னாடி அவன செஞ்சு காட்ட சொல்வாங்க. அதுக்கு வேலையே போகட்டும்’கறான்.” மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் பாத்த புதுசுல இவன் வாய் ஓயாது சார். ஒரு ஊசி வாங்க வந்தவன், முக்கா மணி நேரம் பேசினான். அந்த பேச்சுக்குத்தான் நான் விழுந்தேன். இப்போ தெனமும் காலைல கெளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு, குரல தடிமனாக்கி, ‘சரி’, ‘இல்ல’, ‘ஆச்சு’ன்னு சொல்லி பழகறான். இந்த மூணு வார்த்த சரியா வந்துட்டா ஒரு நாள ஓட்டிடலாமாம். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல். என்கிட்டயும் அதே மூணு வார்த்த.”

சரி, இல்ல, ஆச்சு. சைரன் யோசித்துப் பார்த்தான். உண்மைதான். கடைசி மூன்று நான்கு வருடத்தில் வயர்மேன் வாயிலிருந்து அவன் வேறு எதுவும் கேட்டதில்லை. கல்லுளிமங்கன் என்று அவன் சிரித்தானே, அந்தக் கல்லை உட்கார்ந்து செதுக்கியவன் அவன்தான்.

“நீங்க நல்ல மனுஷரா தெரியறீங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். “நாளைக்கு விசாரணையில அவனுக்காக ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினான். ஒத்துக்கொண்டால் தலைவன் வேலை போகும், ஒருவேளை வேலையே போகும் என்றும் சொன்னான். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்த குரல இங்கயும்தான செஞ்சு காட்டுவீங்க, சாப்பிடும்போது” என்றாள். “நானும்தான் சிரிச்சேன். பசங்களும் சிரிச்சாங்க. அந்த ஆளு எப்படி இருப்பாருன்னுகூட எங்களுக்கு தெரியாது.” பிறகு, “போய் சொல்லிடுங்க” என்றாள். அவள் குரலில் அவன்மீது கோபம்கூட இல்லை. வெட்கம்தான் இருந்தது. அது அவனைக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் அறையில் நான்கு பேர். அதிகாரி, நெட்டை, சைரன், கட்டுப்போட்ட கையோடு வயர்மேன். மருந்துக்கடைக்காரர் கீழே வரவேற்பில் காத்திருந்தார். அதிகாரி அறிக்கையை நகர்த்தி, “இடது கையால போட்டாலும் செல்லும்” என்று பேனாவை நீட்டினார். வயர்மேன் வாங்கினான்.

“மேடம், அத நிறுத்துங்க” என்றான் சைரன். “‘ஏத்து’ன்னு சொன்னது நான்தான்.”

அதிகாரி நெட்டையைப் பார்த்தார். நெட்டை தலையை ஆட்டினான். “இல்ல மேடம். அண்ணன் குரல் எனக்கு தெரியாதா? அது இடி. நான் கேட்டது வயர்மேன் குரல்தான், சாமி சத்தியமா.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். “கூட வேல பாக்கறவர காப்பாத்தணும்னு நெனைக்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா அதுக்காக பொய்ய எழுத முடியாது.”

இரண்டாம் முறையாக அவனை நல்ல மனிதன் என்று சொல்கிறார்கள். சைரனுக்குக் காது சுட்டது.

“பொய் இல்ல. நான் அவன் மாதிரி பேசி கிண்டல் பண்ணுவேன். ஆறு வருஷமா பண்றேன். அன்னிக்கும் ரெண்டு பேர சிரிக்க வைக்க பண்ணினேன். ரெண்டு தடவ.”

“அப்படின்னா செஞ்சு காட்டுங்க.”

எத்தனையோ ஆயிரம் தடவை, யாரும் கேட்காமலேயே செய்தது. இன்று கேட்டுவிட்டார்கள். அவன் வயர்மேனைத் திரும்பிப் பார்த்தான். ஆறு வருடத்தில் அவன் முகத்தை அப்படி நேராகப் பார்த்ததே இல்லை.

“செய்யட்டுமா?” என்று கேட்டான்.

வயர்மேன் வெளுத்துப்போயிருந்தான். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, “செய்ங்க” என்றான்.

சைரன் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டான். “ஏத்துப்பா... மெதுவா ஏத்துப்பா...” அத்தனை இழுப்பும் அத்தனை குழைவும் அப்படியே வந்தன. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. சிரிப்பு இல்லாமல் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று அவனுக்கே தெரிந்தது.

நெட்டை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “இதேதான்! மேடம், நான் கேட்டது இதேதான். இதான வயர்மேன் குரல்?”

அதிகாரி வயர்மேன் பக்கம் திரும்பி, மென்மையாகக் கேட்டார். “அதே வார்த்தைய நீங்க ஒரு தடவ சொல்லுங்க. உங்க இயல்பான குரல்ல.”

வயர்மேன் வாயைத் திறந்தான். பழக்கதோஷத்தில் முதலில் தடித்த குரல்தான் வந்தது. நிறுத்தினான். கண்ணை மூடித் திறந்தான். “ஏத்துப்பா. மெதுவா ஏத்து” என்றான்.

சாதாரணக் குரல். மெல்லியது, லேசாகக் கரகரப்பு, அவ்வளவுதான். இழுப்பும் இல்லை, ஊஞ்சலும் இல்லை.

நெட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. “இந்த குரல நான் கேட்டதே இல்லையே” என்றான். “ரெண்டு வருஷமா கூட வேல பாக்கறேன்... இவரு பேசி நான் எங்க கேட்டேன்? அண்ணன் பேசித்தான கேட்டேன்.”

அவன் யாரையும் குத்திச் சொல்லவில்லை, தனக்குப் புரிந்ததைச் சொன்னான். சைரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மணிக்கட்டை நொறுக்கியது ஒரு நிமிட விபத்து. ஒரு மனிதனை அவனிடத்திலிருந்து அகற்றிவிட்டு, அவன் நாற்காலியில் ஒரு கேலியை உட்கார வைத்தது ஆறு வருட வேலை. அதிகாரி பழைய அறிக்கையை நாலாகக் கிழித்தார். சைரனுடைய அட்டையை மேசைமேல் வைக்கச் சொன்னார். வைத்தான்.

வெளியே வராந்தாவில் சைரன், வயர்மேன் முன்னால் போய் நின்றான். “என்ன மன்னிச்சிடுன்னு கேக்கற யோக்கியத எனக்கு...”

“கேக்காதீங்க” என்றான் வயர்மேன். பிறகு பேசத் தொடங்கினான், அவனுடைய குரலில். முதல் நாள் சைரன் வைத்த பெயரிலிருந்து ஆரம்பித்தான். எந்தக் கட்டடம், எந்த மாடி, யார் யார் சிரித்தார்கள் என்று எல்லாம் நினைவில் இருந்தது. பஸ்ஸில் வாய் திறக்கப் பயந்தது, அம்மாவிடம் போனில் பேசுவதை நிறுத்தியது, வீட்டில் காத்திருப்பவரோடு சண்டை போடக்கூடக் குரல் எழாமல் போனது. சத்தம் கூடியது. மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மாடிப்படி ஏறி ஓடிவந்து, யாரிடம் பேசுகிறான் என்று பார்த்ததும் விஷயம் புரிந்து, படியிலேயே நின்றுவிட்டார். வயர்மேன் நிறுத்தவில்லை. சைரன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

ஓரிடத்தில் வயர்மேனுக்கு மூச்சு வாங்கியது. முடிந்தது என்று நினைத்துச் சைரன் தலை நிமிர்ந்தான்.

“இன்னும் நான் முடிக்கல” என்றான் வயர்மேன்.

“சொல்லு” என்றான் சைரன்.