வயிற்றெரிச்சல்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே அகதி முகாமுக்கு வந்ததிலிருந்து தேவமலருக்கு உறக்கமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. 1986ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவளை உளவியலாளர் உல்ரிகேயிடம் அனுப்பினார்கள். மொழிபெயர்க்க வந்தவள் மங்கையற்கரசி, சில வருடங்களுக்கு முன்பே வந்து ஜெர்மன் படித்த யாழ்ப்பாணத்துப் பெண்.

"அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் விளக்கம் வேண்டாம்" என்று உல்ரிகே அவளிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உல்ரிகே படித்த முறை அப்படி.

என்ன செய்கிறது என்று கேட்டபோது தேவமலர், "வயிறு பத்தி எரியுது" என்றாள். மங்கையற்கரசி ஒரு கணம் தயங்கிவிட்டு, அதை அப்படியே சொன்னாள். உல்ரிகே தேவமலரை மருத்துவமனைக்கு அனுப்பினாள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் ஒரு புண்ணும் இல்லை.

அடுத்த சந்திப்பில் அதைக் கேட்டதும் தேவமலர் மங்கையற்கரசியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஏன் தங்கச்சி குழாய் விட்டவை? நான் என்ர பெடியனை நினைச்செல்லோ சொன்னனான்."

மங்கையற்கரசிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கள் மொழியில் இப்படித்தான் சொல்வாள் என்று விளக்கினாள்.

உல்ரிகே பேனாவை மூடி வைத்தாள். "மகனுக்கு என்ன நடந்தது?"

ராணுவம் அவனை வீதியில் வைத்துப் பிடித்தது. சைக்கிள் மட்டும்தான் வீடு திரும்பியது. தேவமலர் அன்று அழுதாள். பிறகு பல வாரங்கள் வந்து பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாக உறக்கம் வந்தது.

வேறு நாட்டவரின் துயரத்தை எப்படிக் கேட்பது என்று உல்ரிகேக்கு யாரும் கற்பித்ததில்லை. உளவியலாளர் உரிமம் பெற அது தேவைப்படவும் இல்லை. சக உளவியலாளர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க நினைத்து, தேவமலரின் கதையைச் சொல்ல அனுமதி கேட்டாள்.

"ஏலாது" என்றாள் தேவமலர். "என்ர பிள்ளையைப் பாடமாக்கிப் போடாதேங்கோ. குழாய் விட்டதைச் சொல்லுங்கோ. அது உங்கட கதைதானே."

உல்ரிகேயின் முகம் சிவந்தது. ஆனாலும் மங்கையற்கரசியையும் அழைத்துப் போய், வகுப்பில் அதைத்தான் சொன்னாள்.

"அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை."

சிலர் அதிருப்தியோடு எழுந்து போனார்கள். மற்றவர்கள் மங்கையற்கரசியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

"சொன்னவவோ?" என்று மறுவாரச் சந்திப்பில் தேவமலர் மங்கையற்கரசியைக் கேட்டாள்.

"ஓம் அக்கா. தன்ர பிழையை மட்டும் சொன்னவ."

தேவமலர் உல்ரிகேயின் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் அதுவரை சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"அவனுக்குப் பேர் பாலச்சந்திரன்."

உல்ரிகே அதைச் சொல்லிப் பார்த்தாள். நாக்குத் தடுக்கியது. தேவமலர் பொறுமையாகத் திருத்தினாள்.